நிறுத்தியது சரி, டாக்சி பிடித்ததுதான் அவசரம்

கேள்வி: எனக்கு வயது 44. பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் எங்கள் கிளப்பின் டிராப் போட்டிக்கு மூன்று பேர் ஓர் அணியாகப் பெயர் கொடுத்திருந்தோம். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான்கு ரவுண்டு, ஆளுக்கு 100 தட்டு. முதல் ரவுண்டில் 22, இரண்டாவதில் 20. மூன்றாவது தொடங்கும்போதே காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. 13 தான் உடைந்தது. அப்புறம் இடி, போட்டியை நிறுத்தினார்கள். நனைந்து நடுங்கிப்போய் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரத்தில் மறுபடி தொடங்கினார்களாம். என் கடைசி ரவுண்டு இல்லாததால் அணிக்குக் கணக்கே இல்லை. வாட்ஸ்அப்பில் இருவரும் என்னோடு பேசுவதில்லை. மின்னலுக்கு ஒதுங்கியது தப்பா?
– ஈசூன் வாசகர்

பதில்: மின்னல் கிடக்கட்டும் தம்பி, முதலில் அந்த 13ஐப் பேசுவோம். 22, 20 என்று போய்க்கொண்டிருந்தவர் 13க்கு இறங்கினால் யாருக்குமே வீட்டு ஞாபகம் வரும். ஆனால் அந்த 13 உங்கள் கையின் குற்றம் இல்லை. தட்டு நம்மைவிட்டு விலகிப் பறப்பது. எதிர்க்காற்றில் அது மேலே எழும்பும், நீங்கள் பழக்கப்படி சுட்டால் குண்டுகள் அதன் கீழே போகும். காற்று முதுகுப் பக்கம் திரும்பினால் தட்டு அமுங்கும், இப்போது குண்டுகள் அதன் மேலே போகும். கண்ணாடியில் மழைத்துளி வேறு. அன்றைக்கு உங்களோடு நின்ற மற்ற ஐந்து பேரின் எண்களையும் விசாரித்துப் பாருங்கள், மனசு ஆறும்.

சரி, மின்னல். 19 வருடம் ரேஞ்சில் நடுவராக நின்றவன் சொல்கிறேன், அதில் வீரம் காட்டுவது முட்டாள்தனம். துப்பாக்கி இரும்பு என்பதால் இடி தேடி வருவதில்லை. திறந்த வெளியில் உயரமாக நிற்பதுதான் ஆபத்து. தேசிய சேவையில் ‘கேட் ஒன்’ என்று மின்னல் எச்சரிக்கை அறிவித்தால் வெளியில் பயிற்சி நிற்கும், உங்களுக்கே தெரியும். மின்னியதிலிருந்து இடி கேட்க 30 விநாடி ஆனால் அது சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குள் கேட்டால் கூரைக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. ஆகவே களத்தைவிட்டு வந்ததில் தப்பே இல்லை. உங்களை யாரும் அதற்காகக் கோபிக்கவும் இல்லை என்று நினைக்கிறேன்.

கோபம் டாக்சிமேல். மே மாதக் காலையில் மேற்கிலிருந்து கருத்துக்கொண்டு வந்து அடிப்பது பெரும்பாலும் சுமத்ரா காற்று. விடியலிலிருந்து நண்பகலுக்குள் வரும், மரத்தைச் சாய்க்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிழக்கே போய்விடும். ஒரு கோப்பி, ஒரு காயா டோஸ்ட், ஒரு காய்ந்த சட்டை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இன்னொன்று. யாரிடமும் சொல்லிவிட்டு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. மறுபடி தொடங்கும்போது உங்கள் பெயரை நடுவர் மூன்று தடவை கூப்பிட்டிருப்பார். சுடும் இடம் ஐந்து, ஆள் ஆறு என்பதால் ஒருவர் எப்போதும் காத்திருப்பார். அந்த ஆறு பேர் வரிசை ஐந்தாகிவிட்டால், ஐந்தாம் இடத்தில் சுட்டு முடித்தவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது, நேராக முதல் இடத்துக்கு வர வேண்டும். எல்லோருடைய தாளமும் கெடும். முடியவில்லை என்றால் நடுவரிடம் சொல்லி, கார்டில் கையெழுத்துப் போட்டு, கூட்டாளிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் முறை. நின்று 10 தட்டு உடைத்திருந்தாலும் அணிக்கு ஒரு மொத்தம் இருந்திருக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, நானும் ஒருமுறை இப்படி ஓடி வந்தவன்தான். பஸ் புக்கிட் பாஞ்சாங் தாண்டும்போதே வெயில் அடித்தது. வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, “மழையா? எங்கே?” என்றார். அந்த வாரம் முழுக்க நான் ரேஞ்சுப் பக்கம் போகவில்லை.

இருவரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள். குழுவில் எழுதாதீர்கள். “சொல்லாமல் வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றால் போதும், மின்னல் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. அடுத்த போட்டிக்கு அவர்களுடைய தோட்டாச் செலவை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அப்புறம், ஈர உறையோடுதானே துப்பாக்கியை ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்தீர்கள்? நாளைக்கே போய் வெளியே எடுத்து, மடக்கித் திறந்து, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குழாய் துருப்பிடிக்க ஒரு வாரம் எல்லாம் வேண்டாம்.

கேள்வி: தட்டைச் சுடுவதற்கு ஏன் ‘களிமண் புறா’ என்று பெயர்?
– அங் மோ கியோ மாணவி

பதில்: ஒரு காலத்தில் உயிருள்ள புறாவையே கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுட்ட காலமும் உண்டு. பிறகு தட்டு வந்தது, புறா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அதில் களிமண்ணும் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். மழையில் கரையாது. ஈசூன் தம்பியைப் பார்த்தால் இதையும் சொல்லிவிடு, அம்மா.