ஐந்து பாடல்களைச் செலவில்லாமல் பதிவுசெய்து தருகிறார்கள், கையெழுத்திடலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்து ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக கித்தாருடன் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொந்தமாக ராக் பாடல்கள் எழுதி, வியாழக்கிழமை இரவுகளில் ஒரு கஃபேயில் பாடுகிறேன். என் ஐந்து பாடல்களை இலவசமாகப் பதிவுசெய்து தர ஒரு சிறு நிறுவனம் முன்வந்திருக்கிறது; பதிலுக்கு எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகக் கேட்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கவும் ஆசை. அம்மாவோ வேலையை விடாதே, பல்கலைக்கழகத்துக்குப் போ என்கிறார். தமிழ் ராக்கை இங்கே யார் கேட்பார்கள் என்ற பயமும் உண்டு.
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இப்போதுள்ள வடிவில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாம் பக்கத்தில், ‘சொற்கள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றின் முழு உரிமை’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிக்கல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதை ஒரு நாள் ஸ்டூடியோவில் பாடிப் பிடித்துவைக்கும் ஒலிப்பதிவு வேறொரு சொத்து. பதிவுக்குச் செலவழிப்பவர் அந்தப் பதிவின் வருமானத்தில் சில ஆண்டுகளுக்குப் பங்கு கேட்பது நியாயம்தான். பாடலையே கேட்பதோ, வீட்டுக்குச் சாயம் பூச வந்தவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதைப் போன்றது. சிங்கப்பூரில் பாடலை எழுதியோ பதிவுசெய்தோ வைத்தாலே போதும். எந்த அலுவலகத்திலும் பதியாமலேயே அதன் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடும். உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமாக 1987இல் தொடங்கப்பட்ட ‘கம்பாஸ்’ அமைப்பு, வானொலியிலும் பொது இடங்களிலும் பாடல்கள் ஒலிப்பதற்கான உரிமைத்தொகையை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஒலி 96.8 வானொலியில் உங்கள் பாடல் ஒலிக்கும் நாளில் அந்தத் தொகை யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதை இந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கும். இன்னொன்று: இரண்டு பாடல்களின் மெட்டை டிரம்ஸ் வாசிக்கும் நண்பருடன் சேர்ந்து போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வையுங்கள்.

வேலையை விடாதீர்கள். ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்ட பாடலுக்கே பதிவு உரிமைத்தொகையைக் கணக்கிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினாலும் முதலில் வருவது சில்லறைதான். மாதச் சம்பளம் இருந்தால் ஜாமிங் ஸ்டூடியோவின் மணிக்கணக்கு வாடகையை நீங்களே கட்டலாம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களிடம் கைகட்டி நிற்கவும் வேண்டியிருக்காது. ஆகவே அம்மா சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றிய மறுபாதியை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிடுவதாக இல்லை.

நீங்கள் கைப்பேசியில் பதிந்து அனுப்பிய பாடலை நான்கு முறை கேட்டேன். இரண்டாம் சரணத்தின் நடுவே காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் உங்கள் குரலை விழுங்கிய இடத்தில், நீங்கள் பாட்டை நிறுத்தாமல் கித்தாரை மட்டும் இரண்டு சுற்று வாசித்துவிட்டு அதே வரியை மீண்டும் எடுத்தீர்கள். மேடைக்கு வேண்டிய நிதானம் உங்களிடம் இருக்கிறது. குறையும் அதே பாடலில் இருக்கிறது. மெட்டை முதலில் ஆங்கிலச் சொற்களுக்குப் போட்டுவிட்டுப் பிறகு தமிழை நிரப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ‘மலை’ என்ற சொல் நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் விழுந்து ‘மாலை’யாகிவிடுகிறது. குறில் நெடிலாகும்போது தமிழில் பொருளே மாறிவிடுகிறது. கேட்பவருக்கு அது சாயங்காலமா, பூமாலையா என்ற குழப்பம்தான் மிஞ்சும். மெட்டுப் போடும் முன் வரிகளை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். நெடில் எங்கே வருகிறதோ அங்கே மெட்டை நீளவிடுங்கள்.

யார் கேட்பார்கள் என்ற பயத்துக்கு ஒரு பதில் இங்கேயே இருக்கிறது. 1992இல் சிங்கப்பூரில் உருவான ருத்ரா என்ற மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழு, கனமான கித்தார்களுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்களைப் பாடி வெளிநாட்டு மேடைகள்வரை போயிருக்கிறது. அதைவிடத் தமிழ் ஒன்றும் இந்த ஊருக்கு அந்நியமில்லை. எஸ்பிளனேட் கலை மையம் நடத்தும் பேபீட்ஸ் இசை விழா, புதிய குழுக்களைத் தேர்வுவைத்துத் தெரிந்தெடுத்து, மூத்த கலைஞர்களின் வழிகாட்டுதலோடு மேடையேற்றி வந்திருக்கிறது. அடுத்த தேர்வு அறிவிக்கப்படும்போது கலந்துகொள்ளுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். சொல்லும் மெட்டும் உங்களிடமே இருக்கும் என்றும், பதிவின் வருமானத்தில் ஐந்தாண்டுகளுக்குப் பங்கு தரச் சம்மதம் என்றும் மரியாதையாகச் சொல்லுங்கள். மறுத்தால், ஐந்தில் சிறந்த ஒன்றை மட்டும் உங்கள் சம்பளத்தில் பதிவுசெய்யுங்கள். அது இந்த மலைப் பாடலாகவே இருக்கட்டும், அந்த ஒரு சொல்லைச் சரிசெய்த பிறகு.