முகர்ந்து பார்த்த பிறகு தோண்டுங்கள்: ஹார்ஸ்ராடிஷ் கேள்வி பதில்

பெங்களூருவில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் போன ஞாயிறு அல்சூரில் எங்கள் மொட்டைமாடிக்கு வந்திருந்தார்கள். மூலையில் நீல டிரம்மில் நிற்கும் ஹார்ஸ்ராடிஷ் செடியை, கடுகு போலக் காரமான வேரைத் துருவிச் சாப்பிடுவதற்காக வளர்க்கும் செடியை, பார்த்ததும் தக்காளியையும் கத்தரியையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆறு வருடமாக இதை வளர்க்கிறேன். அன்று கேட்டவற்றுக்கு நிதானமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

நந்தி மலை, சாவனதுர்கா பக்கம் அடிக்கடி போகிறோம். அங்கே காட்டு ஹார்ஸ்ராடிஷ் கிடைக்குமா? (ஜெயநகர் தம்பி)

கிடைக்காது தம்பி. இதற்குச் சொந்த ஊர் தென்கிழக்கு ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காட்டில் கிடைப்பதாகச் சொல்கிறார்களே, அதுவும் அநேகமாகத் தோட்டத்திலிருந்து வெளியே போன செடிதான். ரயில் பாதை ஓரம், வாய்க்கால் கரை, ஆள் இல்லாத பண்ணை வீட்டின் பின்புறம் என்று நிற்கும். விதை பிடிப்பது அபூர்வம். மண்ணை அள்ளிக் கொட்டும்போது வேர்த்துண்டு கூடவே போய்விடும், போன இடத்தில் முளைத்துவிடும்.

நம் பக்கத்துக் காடுகளில் தெரியாத கிழங்கைத் தோண்டிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். செங்காந்தள் கிழங்கு உயிரை எடுக்கும்.

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நடைப்பயிற்சி போகும் வழியில் ஹார்ஸ்ராடிஷ் போல ஒன்றைப் பார்த்தாளாம். அதுதான் என்று எப்படி உறுதி செய்வது? (இந்திராநகர்)

இலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல், பளபளப்பான பச்சையில், விளிம்பு சற்றே நெளிந்து பல் பல்லாக இருக்கும். நடு நரம்பு தடியாக வெளிறித் தெரியும். வசந்தத்தில் முதலில் வரும் இலைகள் சில சமயம் சீப்பு மாதிரி கிழிந்திருக்கும், அதைக் கண்டு வேறு செடி என்று நினைத்துவிட வேண்டாம். பூ சின்னதாக, வெள்ளையாக, நான்கு இதழோடு இருக்கும். அங்கே 'டாக்' என்றொரு களை ஏறக்குறைய இதே தோற்றத்தில் வளரும். அதன் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காகிதம் போல மெல்லிய உறை சுற்றியிருக்கும். ஹார்ஸ்ராடிஷில் அது கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் மூக்குதான் கடைசி சாட்சி. இலையைக் கசக்கினால் கடுகு நெடி வரவேண்டும். வேரைக் கீறினால் வெளியே மங்கிய பழுப்பு, உள்ளே வெள்ளை, நெடி சுருக்கென்று மூக்கில் ஏறவேண்டும். ஏறவில்லையா, அங்கேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். 1856-இல் ஸ்காட்லாந்தில் டிங்வால் என்ற ஊரில் ஒரு விருந்துக்கு ஹார்ஸ்ராடிஷ் என்று நினைத்து மங்க்ஸ்ஹூட் வேரைத் துருவிப் பரிமாறிவிட்டார்கள். அது நம் வத்சநாபியின் இனம், கொடிய நஞ்சு. சாப்பிட்டவர்களில் சிலர் இறந்தே போனார்கள்.

இன்னொன்று, அந்த நாட்டில் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம். கேட்டுவிட்டுத் தோண்டட்டும்.

அவள் வரும்போது ஒரு வேரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

கூடாது. நடுவதற்கான வேருக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இதற்காகவே இருக்கிறது. ஒரு வேரோடு வரும் நோய் கோலார் பக்கத்துக் கோஸ் தோட்டங்களுக்குப் போய்ச் சேரலாம், இரண்டும் கடுகுக் குடும்பம்தானே.

முருங்கை வேரும் இதே காரம் என்கிறார்களே, அதைத் துருவிக்கொள்ளலாமா? (மல்லேஸ்வரம் அம்மா)

வேண்டாம் அம்மா. வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தபோது முருங்கை வேரை அப்படித்தான் துருவிச் சாப்பிட்டார்கள், ஆங்கிலத்தில் முருங்கைக்கு 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்றே பெயர். வாசனை ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் முருங்கை வேர்ப்பட்டையில் நச்சு உண்டு. கீரையும் காயும் நமக்குப் போதும்.

மாடியில் எப்படி வளர்க்கிறீர்கள்?

ஊட்டிப் பக்கம் வெளிநாட்டுக் காய்கறி போடும் நண்பர் ஒருவர் கொடுத்த பென்சில் தடிமன் வேர்த்துண்டில் ஆரம்பித்தேன். துண்டு ஒரு சாண் நீளம் இருந்தால் நல்லது. மேல்பக்கத்தை நேராகவும் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டிவைப்பது வழக்கம், நடும்போது தலைகீழாகிவிடாது. சாய்த்து நட்டு, மேல்முனைக்கு மேல் இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். தொட்டி குறைந்தது ஒன்றரை அடி ஆழம் வேண்டும். செம்மண், மக்கிய எரு, மணல் கலந்து இளக்கமாக இருக்கட்டும். எருவை அள்ளிக் கொட்டினால் இலை மட்டும் கொழுக்கும், வேர் கவைகவையாகப் பிரியும்.

நான் மழை ஓயும் அக்டோபரில் நடுகிறேன். மார்ச், ஏப்ரலில் மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுகிறேன். அடுத்த டிசம்பர், ஜனவரிக் குளிரில் தோண்டுகிறேன். உறைபனி பார்க்கும் ஊர்களில் வரும் தடிமன் இங்கே வராது, கட்டைவிரல் அளவு வந்தாலே எனக்குத் திருப்தி.

வேர் நேராக இறங்க ஒரு வேலை செய்யவேண்டும். இலை ஒரு சாண் வந்ததும் மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்குங்கள். பக்கவாட்டில் நூல்நூலாகக் கிளம்பியிருக்கும் சல்லி வேர்களைக் கோணித்துணியால் தேய்த்து எடுத்துவிட்டு, அடிவேரை ஆட்டாமல் திரும்ப மண்ணைத் தள்ளுங்கள். முதல் வருடம் இதைச் செய்யாமல் விட்டேன். கிடைத்தது ஒரு கொத்துச் சல்லி வேர்தான், துருவ முடியவில்லை.

பூச்சி என்றால் கோஸில் வரும் பச்சைப் புழுவும் அசுவினியும்தான். புழுவைக் கையால் எடுத்துவிடுவேன். அசுவினிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல்.

துருவினேன், காரமே இல்லை. ஏன்? (ஃபிரேசர் டவுன்)

சமைத்துவிட்டீர்களா? சூடு பட்டால் காரம் பறந்துவிடும். வெட்டாத வேரில் காரம் தயாராக இருப்பதில்லை. துருவும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் சினிக்ரின் என்ற கந்தகச் சேர்மமும் கலந்த பிறகுதான் அந்த நெடி பிறக்கிறது, கடுகை அரைக்கும்போது நடப்பதும் இதுதான். வினிகர் ஊற்றினால் நொதி அடங்கிவிடும். அதனால் துருவிய உடனே வினிகர் விட்டால் காரம் மிதமாக இருக்கும். மூன்று நிமிடம் பொறுத்து விட்டால் கண்ணில் நீர் வரும். ஜன்னலைத் திறந்துவைத்துத் துருவுங்கள், மிக்ஸி மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நாங்கள் வீட்டில் வெந்த பீட்ரூட் தயிர்ப்பச்சடியில் கடைசியில் ஒரு ஸ்பூன் கலக்குகிறோம். வயிற்றுப் புண் இருப்பவர்கள் தொட வேண்டாம்.

வசாபியும் இதுவும் ஒன்றா?

வேறு செடி, அதே குடும்பம். ஆனால் நம் ஊர் ஜப்பானிய உணவகங்களில் வைக்கும் பச்சை விழுது பெரும்பாலும் நிறமேற்றிய ஹார்ஸ்ராடிஷும் கடுகும்தான்.

எங்களுக்குத் தரை இருக்கிறது. நேரே மண்ணில் நடலாமா? (ஒயிட்ஃபீல்ட்)

நட்டுவிடாதீர்கள். தோண்டும்போது சுண்டுவிரல் நகமளவு துண்டு உள்ளே தங்கினாலும் மறுபடி முளைக்கும். தொட்டியைக்கூட வெறும் மண்மேல் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள், அடித்துளை வழியாக வேர் இறங்கிவிடும்.

டிசம்பரில் தோண்டும்போது வேர்த்துண்டுகள் நிறைய மிஞ்சும். வேண்டுபவர்கள் ஈரச் சாக்குத்துணி ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், காயாமல் சுற்றித் தருகிறேன்.