ஸ்பேனரை எடுப்பதற்கு முன்: பழைய நீராவி இயந்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

எஃகு ஆலைகளின் பழைய நீராவி இயந்திரங்களைத் தன்னார்வலர்கள் எப்படி மீட்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள். செம்பனை ஆலைகளின் பாய்லர் அறைகளில் வேலை செய்து ஓய்வுபெற்று, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

பிறை வாசகர்: அப்பா மலாயாவாத்தா எஃகு ஆலையில் வேலை செய்தவர். அங்கே கட்டைக்கரி போட்டு இரும்பு உருக்கினார்கள் என்கிறார். நம்பலாமா ஐயா?

தாராளமாக நம்பலாம். ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்தின் கூட்டில் உருவான அந்த ஆலை 1967-இல் பிறையில் தொடங்கியது. ஊது உலைக்கு வழக்கமாகப் போடுவது கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் கரி. அதற்கேற்ற நிலக்கரி இங்கே இல்லை. பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரங்களுக்கோ பஞ்சமில்லை. அவற்றைக் கரியாக்கி ஊது உலையில் போட்டார்கள். கட்டைக்கரியில் கந்தகம் குறைவு, அது இரும்புக்கு நல்லது. ஆனால் கோக் அளவுக்குப் பாரம் தாங்காது. மேலே கொட்டும் தாதுவின் எடையில் நொறுங்கிவிடும் என்பதால் உலையை மிக உயரமாகக் கட்ட முடியாது. நம்மவர்கள் பால் வெட்டிய மரம் கடைசியில் கட்டடக் கம்பிக்கு உதவியிருக்கிறது! அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்த இயந்திரம் எங்கே நின்றது என்று வரையச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

செந்தூல் வாசகர்: ரயில் எஞ்சின் தெரியும். எஃகு ஆலைக்கு எதற்கு நீராவி இயந்திரம்?

பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை உருளைகளுக்கு இடையே நசுக்கித் தகடாகவும் கம்பியாகவும் இழுக்க அசுர பலம் வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் ரிவர் டான் இயந்திரம் இருக்கிறது. 1905-இல் செய்தது, 12,000 குதிரைத்திறன், போர்க்கப்பல் கவசத் தகடு உருட்டியது. 1978 வரை உழைத்தது. கட்டி ஒருமுறை போய், அதே உருளை வழியாகத் திரும்பி வர வேண்டும். அதனால் முழு வேகத்தில் சுழலும் இயந்திரம் ஏறக்குறைய இரண்டு நொடியில் எதிர்ப்பக்கம் சுழலும். அதற்கு ஃப்ளைவீல், அதாவது சுழற்சியைச் சீராக வைக்கும் கனத்த சக்கரம், கிடையாது. இருந்தால் இப்படித் திரும்பவே விடாது.

அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் உள்ள டாட் இயந்திரம் வேறு ஜாதி. 1914-இல் செய்தது, சுமார் 260 டன். ஒரே திசையில் ஓடுவதால் அதற்குப் பிரம்மாண்டமான ஃப்ளைவீல் உண்டு. கட்டி உருளைக்குள் நுழையும் கணத்தில் தேவைப்படும் பலத்தை அந்தச் சக்கரம் சேமித்து வைத்துக் கொடுக்கும். நீராவி முதலில் 34 அங்குல சிலிண்டரில் வேலை செய்து, அழுத்தம் குறைந்தபின் 68 அங்குல சிலிண்டருக்குப் போகும். ஆலை மூடியபின் இதைத் துண்டு துண்டாகக் கழற்றி, வேறிடம் கொண்டுபோய், மறுபடி கோத்து நிறுத்தியவர்கள் தன்னார்வலர்கள். பணத்தைவிட பாரந்தூக்கிதான் அவர்களுடைய பெரிய தலைவலியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சுங்கை பட்டாணி வாசகர்: தோட்டத்துப் பழைய இயந்திரத்தில் நட்டு அசையவே மறுக்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

முதலில் ஸ்பேனரைப் பாருங்கள். பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் பெரும்பாலும் விட்வொர்த் மரைதான் இருக்கும், அது அங்குலக் கணக்கில் அமைந்த பழைய ஆங்கிலேய அளவு. இன்று கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த "ஏறக்குறைய"தான் நட்டின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அளவு சரியென்றால், கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, துருப்பிடித்த மரைக்குள் ஊறும் எண்ணெயை விட்டு ஒரு வாரம் விடுங்கள், தினமும் ஒருமுறை எண்ணெய் விட்டபடி. பிறகு நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. எண்ணெய் தீப்பற்றும், ஆகவே துடைத்துவிட்டுச் சூடாக்குங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரையோரம் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். அப்போது கழற்றும் பக்கம் அல்ல, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். துருவின் பிடி விடுவது பெரும்பாலும் அந்த அசைவில்தான். அப்புறம் முன்னும் பின்னுமாக. அதற்கும் மசியாவிட்டால் நட்டை அறுத்து எறியுங்கள், போல்ட்டைக் காப்பாற்றுங்கள். நட்டு புதிதாகச் செய்துகொள்ளலாம்.

கிள்ளான் வாசகி: மணல் வீசிச் சுத்தம் செய்து பளபளவென்று பெயின்ட் அடித்தால் என்ன?

வெளிக்கூட்டுக்குச் சரி. பிஸ்டன் தண்டு, பேரிங் முகம் பக்கம் மணலைக் கொண்டு போகாதீர்கள், ஒரு துகள் போதும் நாசம் செய்ய. பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம், குழாய்களைச் சுற்றிய வெள்ளை உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உறையைக் கையால் பிய்க்கவே வேண்டாம், பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஈப்போ வாசகர்: பாட்டனார் வேலை செய்த ஆலையின் பாய்லர் இன்னும் நிற்கிறது. தீபாவளிக்கு ஒருமுறை மூட்டிப் பார்க்க ஆசை.

வேண்டாம். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் நீராவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். பத்து பார் அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 184 டிகிரி செல்சியஸ். தகடு கிழிந்தால் அதில் ஒரு பகுதி ஒரே மூச்சில் ஆவியாகி வெடிக்கும். வெளியே பார்த்துத் தகடு நல்லது என்று சொல்ல முடியாது; அரிப்பு உட்புறத்தில் இருக்கும். மீயொலிக் கருவியால் தடிமன் அளந்து, இயக்க அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்கள். தண்ணீரில் சோதித்தால் தகடு விட்டுக்கொடுத்தாலும் கசியும், வெடிக்காது. அதன்பிறகும் சான்றிதழும் தகுதிபெற்ற பாய்லர் ஊழியரும் இல்லாமல் நெருப்பு மூட்டுவது இங்கே சட்டப்படியும் குற்றம்.

ஆசைக்கு வழி உண்டு. இயந்திரத்தை மட்டும் குறைந்த அழுத்தக் காற்றில் ஓட்டலாம். முதலில் சக்கரத்தைக் கையால் நெம்பி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய்க் கிண்ணங்கள் எல்லாவற்றையும் நிரப்புங்கள். பேரிங்கின் வெள்ளை உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளீயம், உங்கள் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே அனுப்பிய சரக்கு. எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் சூடேறி உருகி வழிந்துவிடும்.

கோலாலம்பூர் வாசகி: எனக்கு ஸ்பேனர் பிடிக்கவும் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு மீட்புக் குழுவில் என்ன வேலை?

ஃபிட்டர்களைவிட உங்களைத்தான் எல்லாக் குழுவும் தேடுகிறது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்து, பித்தளை வில்லையில் எண் அடித்துக் கட்டி, நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும். துணிப்பையில் "இடப்பக்க வால்வு, மேல் நட்டுகள் ஆறு" என்று எழுதாமல் போட்டால், மூன்று வருடம் கழித்து எந்தப் பொறியாளராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துக்கு எண்ணெயில் அழியாத மை வாங்கிக்கொள்ளுங்கள்.