ஒரே பெயர், வேறு ஆள்: வாசகர் கேள்வி – பதில்

'பிரபலங்களின் பெயர்க் குழப்பம்' பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சில, பதில்களோடு.

'திருவிளையாடல்' படத்தில் 'இசைத்தமிழ் நீ செய்த அரும் சாதனை' பாடிய டி.ஆர்.மகாலிங்கம்தான் புல்லாங்குழல் மேதை டி.ஆர்.மகாலிங்கமா?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. இனிஷியல் உள்பட எல்லாம் ஒத்துப்போனாலும் ஆள் வேறு. பாடியவர் நடிகர் (1924–1978), சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். 1945-இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் 'காயாத கானகத்தே' பாடிப் புகழ்பெற்றவர். குழல் வாசித்தவர் 'மாலி' (1926–1986), திருவிடைமருதூர்க்காரர், என்.ரமணியின் குரு.

இரண்டு 'டி'யும் ஊர்ப்பெயர்தான். ஆனால் ஒன்று 'தெ', இன்னொன்று 'தி'. தமிழில் முதலெழுத்துப் போட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. தமிழின் தெ, தி, த, து எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரே 'டி'யில் அடைத்துவிடுகிறது. நம் பெயர்க் குழப்பங்களில் பாதி இந்த அடைப்பில் பிறந்தவை.

கையில் பழைய ஒலிநாடா இருந்து, உறையில் 'டி.ஆர்.மகாலிங்கம்' என்று மட்டும் இருந்தால் போட்டுக் கேளுங்கள். குரல் என்றால் நடிகர், குழல் என்றால் மாலி. வயலினாக இருந்தால் திகைக்க வேண்டாம், மாலி வயலினும் வாசிப்பார். 1978-க்குப் பிந்தைய பதிவு என்று உறுதியானால் அது நடிகருடையதாக இருக்க வழியே இல்லை. இணையத்தில் உள்ள படத்தை மட்டும் நம்பாதீர்கள். பெயரைத் தேடி முதலில் கிடைத்த முகத்தை எடுத்து ஒட்டிவிடுவதுண்டு.

எங்கள் கல்லூரி நூலகத்தில் எஸ்.சந்திரசேகர் எழுதிய 'திரவப் படிகங்கள்' நூல் இருக்கிறது. நோபல் பரிசு வாங்கியவர் இந்தத் துறையிலும் எழுதினாரா?
– இயற்பியல் மாணவி, திருச்சி

எழுதவில்லை. இந்தக் குழப்பத்தில் படித்தவர்களே விழுவார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் இயற்பியலாளர்கள், இரண்டு பேரும் சர் சி.வி.ராமனின் உறவு!

நோபல் பெற்றவர் சுப்ரமணியன் சந்திரசேகர் (1910–1995), ராமனின் அண்ணன் மகன். லாகூரில் பிறந்து சிகாகோவில் மறைந்தவர். வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது என்று கணக்கிட்டவர். பரிசு 1983-இல் வந்தது. உங்கள் நூலகத்து நூலின் ஆசிரியர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004), ராமனின் சகோதரி மகன். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகள் நாணயங்களை அடுக்கியதுபோல் தூண்தூணாக நிற்கும் திரவப் படிக நிலையை 1977-இல் அவருடைய குழு அறிவித்தது. நூலின் முதல் பதிப்பும் அதே ஆண்டுதான்.

ஏன் ஒரே பெயர்? ராமனின் தந்தை பெயர் சந்திரசேகர ஐயர். ஒருவருக்கு அவர் அப்பா வழித் தாத்தா, மற்றவருக்கு அம்மா வழித் தாத்தா. தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே 'பெயரன்', அதுவே 'பேரன்' ஆயிற்று. இருவருடைய தகப்பன்மார் பெயரும் 'எஸ்'-இல் தொடங்கியது தற்செயல்.

நூலகத்தில் இன்னொரு பொறியும் உண்டு. பாய்மங்களின் (ஓடும் தன்மையுள்ள திரவம், வாயு) நிலைப்பு பற்றி 1961-இல் வந்த பெரிய நூல், தலைப்பைப் பார்த்தால் 'திரவப் படிகக்காரர்' எழுதியது போலத் தோன்றும். அது விண்ணியற்பியலாளருடையது. அட்டையை நம்பாமல், ஆசிரியர் எந்த ஊர் நிறுவனத்தவர் என்று உள்ளே பாருங்கள். சிகாகோவா பெங்களூரா என்பது தீர்ப்பைச் சொல்லிவிடும்.

பாட்டே இல்லாத 'அந்த நாள்' கே.பாலசந்தர் படம்தானே?
– வாசகர், விருதுநகர்

எஸ்.பாலசந்தர் படம். 1954-இல் வந்தது. கே.பாலசந்தர் இயக்கிய முதல் படம் 'நீர்க்குமிழி', ஆண்டு 1965. பாட்டில்லாமல் படம் எடுத்த எஸ்.பாலசந்தர்தான் வீணை பாலசந்தர் என்பது இன்னும் வேடிக்கை.

அவருடைய அண்ணன் எஸ்.ராஜம், கர்நாடக இசையின் மும்மூர்த்திகளை வரைந்த ஓவியர், பாடகர். இவரையும் சங்க நூல்களைச் சந்தி பிரித்துப் பதிப்பித்த மர்ரே எஸ்.ராஜத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 'மர்ரே' என்பது பின்னவர் நடத்திய கம்பெனியின் பெயர்.

'தியாகபூமி'யில் கதாநாயகி எம்.எஸ்.சுப்புலட்சுமி என்று வீட்டில் பெரியவர்கள் சாதிக்கிறார்கள். பந்தயமே கட்டியிருக்கிறோம்.
– வாசகி, கும்பகோணம்

பெரியவர்கள் தோற்றார்கள். 1939-இல் வந்த 'தியாகபூமி'யின் கதாநாயகி எஸ்.டி.சுப்புலட்சுமி. முந்தைய ஆண்டு, 1938-இல், எம்.எஸ். நடித்த 'சேவாசதனம்' வந்தது. இரண்டையும் இயக்கியவர் கே.சுப்ரமணியம், அதனால்தான் நினைவு வழுக்குகிறது. எம்.எஸ். நடித்தவை நான்கே படங்கள்: சேவாசதனம், சகுந்தலை, சாவித்திரி, மீரா. ஐந்தாவதாக யாராவது ஒன்று சொன்னால் சந்தேகப்படுங்கள். 'எம்.எஸ்.' என்பது மதுரை சண்முகவடிவு, அதாவது ஊரும் தாயார் பெயரும். இனிஷியல் என்றாலே அப்பா பெயர் என்று விரிப்பவர்கள் இங்கே தவறுவார்கள்.

ஔவையார் மொத்தம் எத்தனை பேர்?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

எண்ணிக்கையில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் அல்லர் என்பதற்குப் பாட்டுகளுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

சங்க ஔவையின் பெயரில் 59 பாட்டுகள்: புறநானூறு 33, குறுந்தொகை 15, நற்றிணை 7, அகநானூறு 4. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றது புறம் 91-இல் இருக்கிறது. இனி புறம் 89-ஐ எடுங்கள். பகைவேந்தன் இந்தப் புலவரைப் பார்த்து 'மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி' என்று விளித்து, 'உங்கள் நாட்டில் போரிடுபவர்களும் உண்டோ?' என்று கேட்கிறான். மைதீட்டிய கண், ஒளிவீசும் நெற்றி. கோலூன்றிய கிழவி இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறாள்?

அடுத்து நல்வழி, கடைசி வெண்பா. 'தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும்' என்று தொடங்கி, திருவாசகம், திருமூலர் சொல் எல்லாம் ஒரே வாசகம் என்று முடிகிறது. மூவர் தமிழ் என்றால் தேவாரம். அதோடு திருவாசகத்தையும் பேர் சொல்பவர் சங்க காலத்தில் இருந்திருக்க முடியாது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நான்கையும் பிற்கால ஔவைக்குத் தருவது இதனால்தான். மூலாதாரம், குண்டலி என்று யோகம் பேசும் விநாயகர் அகவலையும் ஔவைக் குறளையும் எந்த ஔவையிடம் வைப்பது என்பதில்தான் வழக்கு. 1953-இல் வந்த 'ஔவையார்' படம் எல்லோரையும் ஒரே பாட்டியாக்கிவிட்டது. படம் நன்றாக இருந்ததால் அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

வகுப்பில் இப்படிப் பிரித்தால் போதும்: அதியமான் வந்தால் சங்க ஔவை, ஒற்றை வரியில் நீதி வந்தால் பிற்கால ஔவை, 'சுட்ட பழம் வேண்டுமா' என்றால் நாட்டார் கதை. கபிலர், பரணர், நக்கீரர், கல்லாடர் பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. பதினோராம் திருமுறையில் இந்த நான்கு பெயர்களோடும் 'தேவ நாயனார்' சேர்ந்து வரும். அங்கே இருப்பவர்கள் பிற்காலச் சைவப் புலவர்கள்.

ஊர் நூலகத்துக்குப் பெயர் அட்டவணை தயாரிக்கிறோம். 'மீனாட்சிசுந்தரம்' என்று மூன்று பேர் வந்து மோதுகிறார்கள். எப்படி எழுதுவது?
– நூலகர், காரைக்குடி

இயற்பெயரை முதலில் வையுங்கள். பிறகு அடைமொழி அல்லது ஊர், ஆண்டுகள், கடைசியில் தொழில்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மகாவித்துவான், 1815–1876, புலவர் (உ.வே.சா.வின் ஆசிரியர்).
மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பந்தநல்லூர், 1869–1954, பரத நட்டுவனார்.
மீனாட்சிசுந்தரம், தெ.பொ., 1901–1980, மொழியியல் அறிஞர், மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

மூன்றாமவருக்கு முதலெழுத்துகளே போதும் பாருங்கள், 'தெ.பொ.மீ.' என்றால் உலகத்தில் ஒருவர்தான். கெடுவது எங்கே என்றால், கணினி மென்பொருள் 'பிள்ளை'யைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளையும் ஒரே இடத்தில் கொட்டும். 'கடைசிப் பெயர்' கட்டத்தை வெறுமையாக விடுங்கள், அது முரண்டு பிடித்தால் இயற்பெயரை அங்கே போடுங்கள். 'மீனாட்சி', 'மீனாக்ஷி' இரண்டும் அகரவரிசையில் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். ஒன்றை நிலையாக வைத்து, மற்றதன் கீழ் 'காண்க' என்று ஒரு வரி.

தி.நகர் தியாகராஜ சுவாமிகள் பெயரில் அமைந்ததா?
– வாசகர், சேலம்

இல்லை, நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரில்.

என் பெயரும் முதலெழுத்தும் உள்ள இன்னொருவரின் ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் என் கணக்கில் ஏறுகின்றன. என்ன செய்ய?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கோவை

ஆர்க்கிட் (ORCID) எண் வாங்குங்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண் அது. இலவசம். நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்கம். கடைசி இடத்தில் 'எக்ஸ்' வந்தால் பிழையல்ல. பதியும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். படிப்பு முடிந்ததும் முன்னது போய்விடும், கணக்குக்குள் நுழைய முடியாமல் இரண்டாவது எண் வாங்குவீர்கள், பிறகு நீங்களே இரண்டு பேர்.

'பிற பெயர்கள்' கட்டத்தில் இதுவரை அச்சான எல்லா வடிவங்களையும் போடுங்கள்: முதலெழுத்து முன்னால், பின்னால், விரித்து. பழைய கட்டுரைகளை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான எண்) கொடுத்துச் சேருங்கள். பெயர்த் தேடலில் சேர்த்தால் அடுத்தவருடையதும் கூடவே வரும். இனி எழுதுபவற்றில் முதலெழுத்தை விரித்தே எழுதுங்கள். ஏற்கெனவே கலந்தவற்றை 'இது என்னுடையதல்ல' என்று கூகுள் ஸ்காலர் பக்கத்திலிருந்து நீங்களே நீக்கலாம். தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு நீக்குங்கள், இல்லாவிட்டால் மறுபடி வந்து ஒட்டக்கூடும்.