சின்ன வலைச் செயலிக்கு எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ் போதுமா, இல்லை முதலிலேயே தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரெஸுக்கு (PostgreSQL) போய்விட வேண்டுமா?

பெரும்பாலான தளங்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ‘எத்தனை பேர் வருவார்கள்’ என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் எவ்வளவு எழுதும் வேலை நடக்கிறது, உங்கள் செயலி எத்தனை சர்வர்களில் ஓடப்போகிறது.

எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டபோதிருந்தே அது செயலிக்குள் அமர்ந்துகொள்ளும் ஒரு லைப்ரரிதான். டேட்டா முழுவதும் ஒரே கோப்பில். அதனால் ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) என்பது நெட்வொர்க் தாண்டிப் போய்வரும் பயணம் அல்ல, வெறும் ஃபங்க்ஷன் கால். மற்ற டேட்டாபேஸ்களில் ‘ஒரு பக்கத்துக்கு நூறு குவெரியா!’ என்று திட்டு வாங்கித் தரும் கோட், இங்கே பெரும்பாலும் வேகமாகவே ஓடிவிடும். எஸ்கியூலைட்டின் சொந்தத் தளமே எஸ்கியூலைட்டில்தான் இயங்குகிறது. அங்கே ஒரு டைனமிக் பக்கத்துக்குச் சுமார் 200 குவெரிகள் ஓடுவதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் குறைவான தளங்களுக்கு இது நன்றாகப் போதும் என்பது அவர்கள் தரும் கணக்கு. அதுவும் அடக்கி வாசித்த கணக்குதான் என்று கூடவே சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்ற பிழையைப் பார்த்து இத்தனை பேர் ஓடுவது ஏன்? பெரும்பாலும் செட்டிங்கை அப்படியே விட்டுவிடுவதால். கோப்பு முழுவதற்கும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், அதை மாற்ற வழியில்லை. பழைய ஜர்னல் முறையில் அந்த ஒருவர் எழுதி முடிக்கும் கட்டத்தில் படிக்கிறவர்களும் காத்திருக்க வேண்டும். அந்த முறைதான் இன்னமும் டீஃபால்ட். 2010-இல் 3.7 பதிப்போடு வந்த வால் (WAL, write-ahead log) முறையில் மாற்றங்கள் முதலில் தனிக் கோப்பில் சேர்கின்றன. ஆகவே படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. வலைத்தளம் என்றால் யோசிக்காமல் இதை ஆன் செய்யுங்கள். ஒருமுறை மாற்றினால் அது கோப்பிலேயே பதிந்துவிடும்.

கோப்பைப் பிடிக்கும் உரிமையான லாக்குக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் பிஸி டைம்அவுட் அப்படி இல்லை. ஒவ்வொரு கனெக்ஷனிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எஸ்கியூலைட் தானாக வைத்திருக்கும் மதிப்பு பூஜ்யம், அதாவது லாக் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே பிழை. பைத்தானின் டிரைவர் (மொழியை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) போன்றவை தாங்களாகவே 5 நொடி வைத்துவிடுகின்றன. உங்கள் மொழியின் டிரைவர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஃபாரின் கீ (ஒரு டேபிள் சுட்டும் பதிவு இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற விதி) சரிபார்ப்பும் இதே கதைதான்: வழக்கமாக ஆஃப், ஒவ்வொரு கனெக்ஷனிலும் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். டேபிளில் அழகாக எழுதி வைத்த கீ எதையும் தடுக்காமல் சும்மா இருப்பது மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகும்.

டைம்அவுட் கொடுத்த பிறகும் சில நேரம் லாக் பிழை சட்டென்று வரும், ஒரு நொடிகூடக் காத்திருக்காமல். குழம்பவைப்பது இந்த இடம்தான். ஒரு டிரான்ஸாக்ஷனை, அதாவது ஒன்றாகச் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகளின் தொகுப்பை, தொடங்கும் சாதாரண ‘பிகின்’ கட்டளை எழுதும் லாக்கை எடுப்பதில்லை. உள்ளே முதலில் ஒரு செலக்ட் (படிக்கும் குவெரி) ஓடினால், அந்தக் கணத்து டேட்டாவின் நிலையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் வேறொருவர் எழுதி கமிட் செய்துவிட்டால் நம் கையில் இருப்பது பழைய நிலை. அதன்மேல் அப்டேட் செய்ய விட முடியாது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது புதிதாகப் போவதில்லை. அதனால் டைம்அவுட்டைப் பொருட்படுத்தாமல் பிழை வந்துவிடுகிறது. எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்குங்கள். லாக்குக்கான வரிசை முதலிலேயே நடந்து முடிந்துவிடும். பைத்தானின் வலை ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் 5.1-இலிருந்து இதை செட்டிங்ஸிலேயே கொடுக்கலாம்.

இன்னொன்று, டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புவது, பேமென்ட் சேவையிடம் பதில் கேட்பது. இதை நிறையக் கோடில் பார்த்திருக்கிறேன். எழுதும் வேலை சில மில்லி நொடியில் முடிந்திருக்கும். வெளியிலிருந்து பதில் வரும்வரை மொத்தத் தளமும் எழுத முடியாமல் நிற்கும். வெளி வேலையை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே தள்ளுங்கள். போஸ்ட்கிரெஸிலும் இது கெட்ட பழக்கம்தான், அங்கே உடனே வலிக்காது, அவ்வளவுதான்.

எங்கே வேண்டாம்? செயலியைப் பல சர்வர்களில் ஓட்டி, அவை எல்லாம் ஒரே டேட்டாவில் எழுத வேண்டும் என்றால் வேண்டாம். கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்: வால் முறைக்கு எல்லா புராசஸும் ஒரே மெஷினில் இருந்தாக வேண்டும், நெட்வொர்க் டிரைவ்களின் லாக்கிங்கையும் நம்ப முடியாது. ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டிலும் டிஸ்க் அழிந்துவிடும் கன்டெய்னர்களிலும் நிலையான வால்யூம் இல்லாமல் வைத்தால் டேட்டா போய்விடும். நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும் சென்சார் பதிவு, பரபரப்பான சாட் போன்றவற்றுக்கும் நான் போஸ்ட்கிரெஸைத்தான் எடுப்பேன்.

பின்னால் மாறிக்கொள்ளலாம் என்பது உங்கள் திட்டமானால் டைப்புகளில் கவனம். இன்டிஜர் (முழு எண்) என்று சொன்ன நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் வாங்காது. 2021-இல் வந்த, டைப் பொருந்தாததை ஏற்காத ஸ்ட்ரிக்ட் டேபிள்களைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால் மாறும் நாளில் இந்தக் குப்பையைப் பொறுக்க வேண்டியிருக்காது. தேதிக்கென்று தனி டைப் கிடையாது; ஒரே வடிவத்தில், யூடிசி (உலகப் பொது) நேரத்தில் சேமியுங்கள்.

அப்புறம் பேக்கப். ‘ஒரே கோப்புதானே’ என்று, தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே காப்பி எடுப்பது ஆபத்து. புதிய மாற்றங்கள் பக்கத்திலிருக்கும் வால் கோப்பில் இருக்கலாம், நடுவில் எடுத்த நகல் உடைந்தும் இருக்கலாம். ‘வேக்யூம் இன்டு’ கட்டளை ஓடும் தளத்திலிருந்தே முழுமையான நகலை எடுத்துத் தரும். ராத்திரி குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையாக அதைப் போட்டு, நகலை வேறு மெஷினுக்கு அனுப்பினால் பல தளங்களுக்குப் போதும். ஒரு நாள் டேட்டா இழப்பதும் கட்டாது என்றால் லைட்ஸ்ட்ரீம் என்ற கருவியைப் பாருங்கள். அது மாற்றங்களை அவ்வப்போதே வெளி ஸ்டோரேஜுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.