பழைய வயரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: புதுக் காருக்கு வெளிக்கடையில் 46,000 ரூபாய் கொடுத்து ஆம்ப்ளிஃபையரும் நான்கு ஸ்பீக்கர்களும் போட்டேன். மூன்றே மாதத்தில், டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மூடினால் பாட்டு நின்று ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான்கு முறை அலைந்தேன். ‘நீங்க சவுண்டை ஏத்தி காயிலைக் கருக்கிட்டீங்க’ என்று எல்லார் முன்னாலும் கத்தினார் கடைக்காரர். கார் கம்பெனி வாரண்டி இல்லை என்கிறது. இருவர் மீதும் 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் கத்தியதை வைத்து வழக்கு நிற்காது. கார் கம்பெனியையும் விடுங்கள். பழுதான பொருள் அவர்கள் விற்றதல்ல. பழுது ஸ்பீக்கர் காயிலிலா, கடைக்காரர் இழுத்த வயரிலா என்பதுதான் கேள்வி. காயில் கருகியிருந்தால் அவர் வாதம் எடுபடலாம். வயர் என்றால் அது சேவைக் குறைபாடு, பொறுப்பு அவருடையது.

‘கதவைத் திறந்து மூடினால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அதுதான். கருகிய காயில் கதவு அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கீல் பக்கம் வயர் நசுங்கி, தோல் உரிந்து, பாடியில் உரசுகிறது என்று நினைக்கிறேன். மின் இணைப்பை அளக்கும் மல்டிமீட்டர் சொல்லிவிடும். சோதனையின்போது அந்த வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, கழற்றிய இடத்தில் அதன் இரு கம்பிகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மூன்று, மூன்றரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. கதவை அசைக்கும்போது வயருக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டினால் ஷார்ட்.

என்னிடம் வருகிறவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போய், டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, புது வயர் போட்டு, பழையதை வீசிவிட்டு வருகிறார்கள். ஒருவர் கையில் 200 ரூபாய்க்கான துண்டுச்சீட்டு மட்டும் இருந்தது. ‘வேறு ஆள் கை வைத்த பிறகுதான் பழுது’ என்றது எதிர்த்தரப்பு. மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38வது பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் அனுப்ப ஒரு பொருள் வேண்டுமே!

அதனால் இப்போதைக்கு எதையும் கழற்றவோ மாற்றவோ செய்யாதீர்கள். தேதி குறித்து, ‘உங்கள் முன்னிலையில் சோதிக்கலாம், வாருங்கள்’ என்று கடைக்காரருக்கு ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். வராவிட்டால் பில் கொடுக்கும் மெக்கானிக்கிடம் சோதித்து, மல்டிமீட்டரும் காரின் நம்பர் பிளேட்டும் ஒரே ஓட்டத்தில் தெரிய வீடியோ எடுத்து, அவர் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். வீடியோ எடுத்த போனை மாற்றாதீர்கள். வீடியோவை ஆணையத்தில் சாட்சியமாகத் தரும்போது அதற்கான சான்றிதழும் கொடுக்க வேண்டும், அப்போது அந்த போன் வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், வழக்கு வேண்டாம் என்பதே என் யோசனை. 46,000 ரூபாய் பில்லுக்கு 5 லட்சம் கிடைக்காது. சோதனை முடிவைக் காட்டினால் பெரும்பாலான கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். வயரைத் தன் செலவில் மாற்றி, ஒரு வருட உத்தரவாதத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் காலவரம்பு நிற்காது, தேதியைக் குறித்து வையுங்கள். அப்புறம், ‘முழுத் திருப்தி’ என்று எந்தக் காகிதத்திலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வாரம் அந்தக் கதவைத் திறந்து மூடி ஓட்டிப் பார்த்த பிறகு போடுங்கள்.