டவுன் சிண்ட்ரோம்: நடையும் எடையும் – கேள்வி பதில்

குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் என்பதால், டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகளைப் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகள் என்னிடம் தரப்பட்டன. மருந்து பற்றியவற்றை மருத்துவருக்கு விட்டுவிட்டேன்.

மகனுக்கு 20 மாதம். இன்னும் நடக்கவில்லை. கொழுகொழுவென்று இருப்பதால்தானா?

எடைமேல் பழி போடாதீர்கள். இந்தக் குழந்தைகள் சராசரியாக 2 வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள், சிலருக்கு 3 வயதும் தாண்டும். தசைகள் தொளதொளவென்று இருக்கும், மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், கை கால்கள் குட்டை. போதாததற்கு, சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையும் சற்றுச் சிறியது. அவன் ஒவ்வோர் அடிக்கும் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக உழைக்கிறான்.

2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கைக்குழந்தைகளைச் சின்ன டிரெட்மில்லின் மேல் தூக்கிப் பிடித்து, தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள் காலெடுத்து வைக்கப் பழக்கினார்கள். அப்படிப் பழகாத குழந்தைகளைவிட அவர்கள் சுமார் 100 நாள் முன்னதாக நடந்தார்கள். டிரெட்மில் வாங்கச் சொல்லவில்லை! சோபா ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்வது, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, இவையும் பயிற்சிதான். கொஞ்சம், ஆனால் தினமும்.

மகளுக்கு 9 வயது. அண்ணன் சாப்பிடுவதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. ஆனால் எடை ஏறுகிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நான் நம்புகிறேன். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் கலோரியே இவர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வரை குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாட்டில் கை வைக்கும் முன் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது. குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குழந்தை பகலெல்லாம் சோர்ந்து கிடக்கும். அப்புறம் எங்கே ஓடியாடுவது? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டினி போட வேண்டாம். ஒன்று மட்டும்: நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசாக இனிப்பு கொடுக்கும் பழக்கத்தை, தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் விட வேண்டும்.

நான் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரு மாணவன் பாதி ஓட்டத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். சோம்பலா?

இல்லை சார். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. அது இல்லாதவர்களுக்கும் கடும் உழைப்பின்போது இதயத் துடிப்பு மற்றவர்கள் அளவுக்கு ஏறுவதில்லை. சின்னச் சின்ன ஓட்டங்களாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது கூடாது. கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கலாம். கழுத்து வலி, திடீரென்று நடை மாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

12 வயதில் சைக்கிள் கற்க முடியுமா?

முடியும். 2011-இல் வந்த ஓர் ஆய்வில் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 5 நாள் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த செய்தி: ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் அவர்களின் உடல் கொழுப்பும் கற்காதவர்களைவிடக் குறைவாக இருந்தன. அதனால்தான் எடை குறைக்கக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளைக்கு என்ன விளையாடத் தெரியும்?" என்பதைத்தான். ஹெல்மெட் மறக்க வேண்டாம்.